பினாயில் மேட்ரன் கழுவாமல் விட்ட துணி

சூசையம்மாள் வீடு எது என்று கேட்டால் பசுமலையில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பினாயில் மேட்ரன் என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதி ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் மேட்ரனாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் இருந்திருக்காது என்றுதான் நினைக்கத் தோன்றும், ஏனென்றால் ஒரு நாளைக்கு மூன்று வேளை தரை துடைக்க வைத்துக்கொண்டிருந்தாள். பட்டப்பெயர் விடுதிப் பிள்ளைகள் வைத்தது. அது காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று கையில் ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு மடக்குக் கட்டிலும் இருந்தன. தம்பி ஜெரால்ட் வந்து தன் பசுமலை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். அவன் கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி டயானா கணக்கு டீச்சர். அவர்கள் மகள் ஷெரினுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டதால் காலியான அறை அத்தைக்கு வந்தது. அறையோடு ஒரு மேசை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு முயல். சென்னை ஹாஸ்டலில் முயலை விடமாட்டார்கள் என்று ஷெரின் அழுதுவிட்டுப் போயிருந்தாள். வெள்ளை வெளேர் என்று இருந்ததால் அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பொரி.

முதல் வாரம் பொரியைச் சூசையம்மாள் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தாள். முடி கொட்டும், புழுக்கை போடும், நாறும். ஆனால் பொரி அப்படி இல்லை. ஹால் மூலையில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஷெரின் ஒரு நீல டப் வைத்திருந்தாள். அடியில் பழைய பேப்பர், மேலே காய்ந்த புல். பொரி வீடு முழுக்கச் சுற்றும். நேரம் வந்தால் ஓடிவந்து டப்பில் ஏறி உட்காரும். புல்லைக் கடித்துக்கொண்டே காரியத்தை முடித்துவிட்டு இறங்கிப் போகும். வெளியே ஒரு சொட்டு கிடையாது. முப்பத்து மூன்று வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்ற முடிவுக்குச் சூசையம்மாள் வந்தாள். அதன்பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டன. சாயங்காலம் அவள் ஜெபமாலை சொல்லும்போது பொரி அவள் பாதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். கடைசி மணி உருளும் வரை அசையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் பொரியிடம் மட்டும்தான் அவள் மனம் விட்டுப் பேசினாள். தம்பி வீடுதான், யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் விடுதியில் நூற்று இருபது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்கியவள், இங்கே வந்து டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லவே கூச்சப்பட்டாள். இரண்டு வருடத்தில் இது வேண்டும், இது வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கத்திரி வெயிலில் பொரிக்கு முடியாமல் போனது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லைக் கடித்தது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பழங்காநத்தம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் சரண்யாதேவி, மூத்திரப்பையில் சுண்ணாம்பு மாதிரி படிந்து புண்ணாகியிருக்கிறது என்று சொல்லி ஊசி போட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சூசையம்மாள் அறையை விட்டு நகரவில்லை. மருந்தையும் தண்ணீரையும் சிரிஞ்சில் எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். தன் பழைய நூல் சேலைகள் இரண்டைக் கிழித்து மடித்து அதற்கு மெத்தை போட்டாள். பொரி படுத்த இடத்திலேயே நனைத்தது. நனைத்த துணியை உடனே உருவி, பினாயிலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்தி, அடுத்த துணியை விரித்தாள். அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடான வேலை அது. பதினோராம் நாள் மல்லித்தழையைப் பார்த்துப் பொரி குதித்து வந்தபோது ஜெரால்டும் டயானாவும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஒரு நாள்தான் நீடித்தது. உடம்பு தேறிய பொரிக்கு டப் மறந்துபோயிருந்தது. துணி எங்கே கிடக்கிறதோ அதுதான் இடம் என்று அது முடிவு கட்டியிருந்தது. கால்மிதியில் போனது. சோபா உறையில் போனது. ஜெரால்ட் குளித்துவிட்டு மாற்றிக்கொள்ள எடுத்துவைத்த கைலியில் போனது. கல்யாண வீட்டுக்குக் கட்டிப்போக டயானா இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலை கட்டிலிலிருந்து சரிந்து தொங்க, அதிலும் போனது. டயானா திட்டாமல் வேறு சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அதுதான் பயமாக இருந்தது.

சூசையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பொரி தப்பிய இடத்தையெல்லாம் பினாயில் விட்டுத் துடைத்தாள். டப்பைத் தினம் இரண்டு வேளை பினாயில் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். பொரி கால்மிதிப் பக்கம் போனால் டப்பைக் கால்மிதிப் பக்கம் வைத்தாள். சோபா பக்கம் போனால் சோபா பக்கம். ஐந்து நாளில் டப் ஐந்து இடம் பார்த்துவிட்டது. கடைசியில் டயானா அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்தாள். பொரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“மதினி, வர்ற ஞாயித்துக்கெழம சாயந்தரம் அன்பியக் கூட்டம் நம்ம வீட்டுல,” என்றாள் டயானா, செவ்வாய்க்கிழமை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அன்பியம் என்றால், ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த, அக்கம்பக்கமாக இருக்கும் முப்பது குடும்பங்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, பாடி, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். போகும் வழியில் அந்த வீட்டில் என்ன வாடை அடித்தது என்று பேசிக்கொண்டும் போவார்கள்.

“ஜமுக்காளம் விரிச்சு அம்புட்டுப் பேரும் தரையில உக்காரணும். அதுக்குள்ள இது டப்புக்குப் போகணும். இல்லைன்னா வேற வழி பார்க்கணும் மதினி. எனக்கும் பாவமாத்தான் இருக்கு.”

வேறு வழியை ஜெரால்ட் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். கம்பெனியில் கூட வேலை செய்யும் நல்லகாமன் திருவாதவூரில் முயல் பண்ணை போட்டிருந்தான். “அங்க எரநூறு மொசல் நிக்கிதுக்கா. இதுக்கும் ஒரு கூட்டாளி கெடச்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கெழம காலையில வந்து எடுத்துக்கிறேன்னுட்டான்,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பண்ணையில் எதற்காக இருநூறு முயல் வளர்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அது எப்படிக் குறைகிறது என்பது அங்கே இருந்த மூன்று பேருக்குமே தெரியும். கொடுக்க வேண்டாம் என்று சூசையம்மாள் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை.

மறுநாள் அட்டைப்பெட்டிக்குள் துவைத்து மடித்த துணியை விரித்து, பொரியை வைத்து, ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக் கிளம்பினாள். வியாதி முழுசாகப் போகவில்லையோ என்று ஒரு சந்தேகம். போயிருக்கக்கூடாது என்று ஒரு ஆசையும் இருந்தது. வியாதி என்றால் அதை யாரும் கோபித்துக்கொள்ள முடியாதே.

“சுத்தமா குணமாயிருச்சும்மா. இனி மருந்து இல்ல, பழக்கந்தான்,” என்று டாக்டர் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் குரைத்துக்கொண்டிருந்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். மேசையில் பொரியைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண் மட்டும் நின்றாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் குனிந்து அட்டைப்பெட்டியை முகர்ந்தாள். நிமிர்ந்து சூசையம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க வாசல்ல வாரப்பவே வாசம் வந்துச்சு. இது தெரிஞ்ச வாசமா இருக்கேன்னு பார்த்தேன். மேட்ரம்மா, இன்னும் அதே பினாயில்தானா?”

தங்கப்பொண்ணு என்று பேர் சொன்னாள். நாலாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் விடுதியில் இருந்தவளாம். சூசையம்மாளுக்கு முகம் பிடிபடவில்லை. ஆனாலும் ஞாபகம் இருப்பதுபோல் தலையாட்டிவிட்டு, பொரியின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். துடைத்ததையும், தேய்த்ததையும், ஐந்து நாளில் ஐந்து இடம் மாற்றியதையும் சொல்லும்போது தங்கப்பொண்ணின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே மேட்ரம்மா? நான் அஞ்சாப்பு படிக்கையில அம்மை போட்டு ஊருக்குப் போயி, ஒரு மாசங்கழிச்சு வந்தேன். வந்ததுலருந்து பாயிலயே ஒண்ணுக்குப் போயிருவேன். நீங்க திட்டல, அடிக்கல. தெனம் பாயக் கழுவிப் போட்டீக. ஒரு நா கக்கூஸ்கிட்டக்க படுக்க வச்சீக. மறுநா ஆயாம்மா பக்கத்துல. அதுக்கு மறுநா சன்னலோரம். நல்லதுக்குத்தேன் செஞ்சீக. ஆனா முழிப்பு வந்து எந்திரிச்சா, நான் எங்கன கெடக்கேன்னே எனக்குத் தெரியாது. கதவு எந்தப் பக்கம்னு தெரியாது. பயந்துக்கிட்டுத் திரும்பப் படுத்துருவேன். படுத்தா போயிரும்.”

“அப்புறம் எப்பிடி நின்னுச்சு?”

“நீங்க ஒரு வாரம் லீவுல போனீக. ஆயாம்மா என்னைய எம் பழைய எடத்துலயே, எம் பழைய பாயிலயே போட்டுச்சு. அது சோம்பேறித்தனத்துல பாயக்கூடக் கழுவல. நாலே நாள்ல நின்னுருச்சு.”

பாய் நனைக்கிற பிள்ளைகளைத் திருத்துவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தவள் சூசையம்மாள். “தப்புப் பண்ணிட்டேனே தங்கப்பொண்ணு. தெரியாமப் பண்ணிட்டேனே,” என்றாள்.

“அட, நான் என்ன அதுக்கா சொன்னேன்? மொசலுக்குச் சொன்னேன் மேட்ரம்மா!” என்று தங்கப்பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சொன்னதெல்லாம் முயலுக்கு. முயலுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. தன் வாடை எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்குத் தன் இடம். பினாயில் போட்டுக் கழுவினால் அதன் பேரை அழித்த மாதிரி. அது நனைத்த துணியை அலசாமல் அப்படியே டப்பில் போட வேண்டும். வெளியே போட்ட புழுக்கையைப் பொறுக்கி அதே டப்பில் போட வேண்டும். தரையைப் பச்சைத் தண்ணீரில் துடைத்தால் போதும். “டப்ப மொதல்ல இருந்த எடத்துலயே வையிங்க. அப்புறம் ஒரு சாண்கூட நகட்டக் கூடாது.”

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சூசையம்மாளுக்குக் கால் தயங்கியது. முதலில் இருந்த இடம் என்றால் ஹால். முப்பது குடும்பமும் வந்து உட்காரப்போகிற ஹாலில், ஆண்டவர் படத்துக்குக் கீழே, கழுவாத மூத்திரத் துணி. டயானா அடுப்படியில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“டயானா, எனக்கு அந்த மூலை வேணும்.”

கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. சூசையம்மாளே கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். பிறகு தங்கப்பொண்ணு சொன்னதை முழுக்கச் சொன்னாள், பாய் கதையையும் சேர்த்து.

“கழுவாமலா? நீங்களா மதினி?” டயானா கையில் மாவோடு அவளையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் இந்த மனுஷி தன்னிடம் கேட்ட முதல் விஷயம் இது என்பது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். “சரி, வச்சுக்கங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் அந்த டப்பைத் தொடமாட்டேன். ஆனா அதுக்குள்ள...” என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே பினாயில் பாட்டிலை ஜெரால்டின் பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள் சூசையம்மாள். தன் கையை அவள் நம்பவில்லை. கால்மிதி, சோபா உறை என்று தரைக்கு எட்டிய துணியையெல்லாம் சுருட்டி அலமாரி மேல் வைத்தாள். வியாழக்கிழமை காலை பொரி தன் படுக்கையில் நனைத்த சேலைத் துண்டைக் கையில் எடுத்ததும் கால் தானாகக் குளியலறைப் பக்கம் நடந்தது. பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு அதை டப்பில் போட்டாள். போட்டுவிட்டுக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். விரதம் இருப்பவளைப் பிரியாணிக் கடைக்குள் உட்கார வைத்த மாதிரி, முக்காலி போட்டு அந்த வாடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பொரி வந்தது. டப் விளிம்பில் முன்கால்களை வைத்துத் துணியை வெகுநேரம் முகர்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. ஏறி உட்கார்ந்தது. போனது. “மாதாவே!” என்று சூசையம்மாள் போட்ட சத்தத்தில் ஜெரால்ட் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தான். வெள்ளிக்கிழமை நாலு தடவை டப்பில், இரண்டு தடவை தரையில். சனிக்கிழமை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“பரவாயில்லையே,” என்றாள் டயானா. சொல்லிவிட்டுச் சுண்டலுக்குக் கடலையை ஊறவைக்கப் போனாள். நல்லகாமனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களா என்று கேட்கச் சூசையம்மாளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று, இன்னொரு தடவை எப்படிக் கேட்பது? மனைவி சொல்லட்டும் என்று ஜெரால்ட் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் என்று மனைவி இருந்தாள். யாரும் போன் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித் திருப்பலிக்கு அக்காளும் தம்பியும் போனார்கள். டயானா சனிக்கிழமை மாலையே பூசைக்குப் போய் வந்துவிட்டதால், ஹாலைத் தயார் பண்ண வீட்டில் நின்றாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் ஹால் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. சுவருக்குச் சுவர் விரித்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். பொரி சோபாவுக்கு அடியில் பதுங்கியிருந்தது. டயானா ஜமுக்காளத்தைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்குப் போனாள்.

சூசையம்மாள் அந்த ஈரத்தை மட்டும்தான் பார்த்தாள். எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்தாள். வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரும் சொல்வதற்குள் தானே போய் அட்டைப்பெட்டியை எடுத்தாள். பொரியைக் கூப்பிட்டாள். அது நம்பி வந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

கேட்டருகே நல்லகாமன் மூங்கில் கூடையோடு நின்றான். நல்ல மனுஷன்தான். “கவலப்படாதீகக்கா, நல்லாப் பார்த்துக்கிருவேன்,” என்றான்.

“இதுக்குப் பினாயில் ஆகாது தம்பி. படுக்கிற எடத்த மாத்தாதீங்க. மல்லித்தழைன்னா உசுரு. பேரு பொரி. கூப்புட்டா வரும்,” என்றாள் சூசையம்மாள். ஒரு முயலுக்கு என்ன பேர் என்று நல்லகாமனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

“மதினி, நில்லுங்க!”

டயானா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கை இரண்டும் ஈரம். “அது எங்கன போயிருக்குன்னு பார்த்தீங்களா?”

“ஜமுக்காளத்துலதான?” என்றாள் சூசையம்மாள்.

“டப்பு இருந்த மூலையில மதினி. அதே எடம், ஒரு சாண்கூடத் தள்ளல. டப்புதான் அங்க இல்ல. வர்றவுக பார்த்தா என்ன நெனப்பாகன்னு நான்தான் காலையில தூக்கிப் பின்னாடி வச்சேன். ஒங்களுக்குச் சொன்ன வார்த்தைய மீறி வச்சேன். வச்சுட்டு ஜமுக்காளத்த விரிச்சேன். அது வந்து தேடுச்சு. ரெண்டு சுத்து சுத்துச்சு. என் மூஞ்சியப் பார்த்துச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். தப்புப் பண்ணது நான். ஒங்ககிட்ட அப்பவே சொல்ல எனக்கு வாய் வரல.”

சூசையம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விடுதியில் முப்பத்து மூன்று வருடமும், தம்பி வீட்டில் இரண்டு வருடமும் யாருக்கும் காட்டாத அழுகை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். டயானா நல்லகாமன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணே, மன்னிச்சுக்கங்க. மொசல் குடுக்கிறதா இல்ல. உள்ள வந்து காப்பி சாப்பிட்டுப் போங்க.”

“நல்லதாப் போச்சு டீச்சர். பேரு தெரிஞ்ச மொசல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” என்று நல்லகாமன் செருப்பைக் கழற்றினான்.

ஜெரால்ட் பின்பக்கம் போய் டப்பைத் தூக்கி வந்தான். துணி இன்னும் உள்ளேயேதான் கிடந்தது. மூலையில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று அக்காளைப் பார்த்தான். பொரி பெட்டியிலிருந்து குதித்து, நேரே போய் ஏறி, புல்லை மென்றுகொண்டு உட்கார்ந்தது. நாலு பேரும் வெறுந்தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடை லேசாக இருக்கத்தான் செய்தது.

டயானா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சூசையம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“டயானா, வந்த நாள்லருந்து சொல்லணும்னு இருக்கேன். எனக்குக் காப்பியில இம்புட்டுச் சீனி ஆகாது.”

டயானா டம்ளரை எட்டிப் பார்த்தாள். “ரெண்டு வருசமா எப்பிடி மதினி குடிச்சீங்க?”

“கண்ண மூடிக்கிட்டுத்தான்.”

டயானா சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வேறு காப்பி போட.